கட்டி வைத்தவை

முதலில் ட்ராம்போலினைக் கட்டினேன்.
புன்டா அரேனாஸில் கோடை என்றால் காற்று.
போன வருடம் எங்களுடையது வேலி தாண்டிப் பறந்து
பாரியென்டோஸ் வீட்டுக் கோழிக்கூண்டின் மேல்
கவிழ்ந்து கிடந்தது.
பயந்துபோன கோழிகள் முட்டையிடவில்லை என்று
மார்ச் வரை சொல்லிக்கொண்டிருந்தாள் அந்த அம்மாள்.
இந்த முறை காலுக்கொரு கயிறு,
எண்ணெய் மேடையிலிருந்து எலியேசர் கொண்டுவந்தவை.
பதினான்கு நாள் கடலில், பதினான்கு நாள் வீட்டில்
என்று இருப்பவனுக்கு
முடிச்சு மட்டும் நன்றாக வரும்.

டிசம்பர் பதினைந்தில் பள்ளிக்கூடம் மூடும்.
மார்ச் நான்கில் திறக்கும்.
இடையில் உள்ளதை
கேஸ் பில்லின் பின்புறம் எண்ணினேன்.
எழுபத்தெட்டு.
மறுபடி எண்ணினேன், குறையவில்லை.

மாவு ஒரு மூட்டை.
ஈஸ்ட். பால் பவுடர், டின்களிலேயே பெரிய டின்.
தோலுக்குப் பூச வெயில் களிம்பு, மூன்று குப்பி.
ஓசோன் ஓட்டையை நாங்கள் பாடத்தில் படித்தவர்களல்ல,
அதன் அடியில் ஓடிப்பிடித்து விளையாடியவர்கள்.
அதே பையில் கம்பளித் தொப்பிகளும்.
பதினோரு டிகிரி, அதற்குப் பெயர் வேனில்.
மேலே சுடும், பக்கவாட்டில் குளிரும்,
நடுவில் மூக்கொழுக என் பிள்ளைகள்.

இரவு பத்தரைக்கும் வெளிச்சம் இருக்கும்.
போய்ப் படு என்றால்
ஃபாபியான் சன்னலைத் திறந்து சூரியனைக் காட்டுவான்.
ஐந்து வயதுக்காரனின் நியாயத்துக்கு
என்னிடம் பதில் இல்லை.
கண்ணாடி முழுக்க அலுமினியத் தாள் ஒட்டினேன்.
தெருவிலிருந்து பார்த்தால்
கோழி வறுக்கிற வீடு மாதிரி இருக்கிறது.

இனி, எனக்கென்று இருப்பது.
பள்ளி நாட்களில் காலை பதினோரு மணி.
ஆறின மாத்தே, அடுப்போரத்து நாற்காலி,
ஓட்டுக்கூரைத் தகரத்தின் சடசடப்பு.
அந்த ஒரு மணி நேரம்
நான் யார் பெயரையும் கூப்பிடுவதில்லை.
படிவங்களில் தொழில் என்ற கட்டம் வரும்போது
எழுதுகிறவர்கள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு
ஒரு கோடு போடுவார்கள்.
அந்தக் கோட்டின் மேல்தான்
காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன்.
எழுபத்தெட்டு நாளைக்கு அதை எங்கே வைப்பது?
ஃபிரிட்ஜில் இடமில்லை.

நேற்று இவோ தட்டைக் கழுவினான்.
அப்போதே எனக்குச் சந்தேகம்.
போர்வெனிருக்குப் போகட்டுமா அம்மா,
சித்தி பண்ணையில் கம்பளி கத்தரிக்கிற பருவம்.
என் தங்கை ஸ்லாவிட்சா, வாய் ஓயாதவள்,
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
அவனிடம் பேசி முடித்திருக்கிறாள்.
கத்தரியைக் கையில் தரமாட்டார்களாம்.
கொட்டகையில் சிதறும் மயிரைக் கூட்டிப் பெருக்கணுமாம்.
பதின்மூன்று வருடத்தில்
இந்த வீட்டு விளக்குமாறு எங்கே இருக்கிறது என்று
கேட்டதில்லை அவன்.
எத்தனை நாள் என்றேன்.
முழுசும் என்றான்,
துடைத்த தட்டையே துடைத்துக்கொண்டு.

ஒரு வயிறு குறைவு. ஒரு சண்டை குறைவு.
மிலென்காவுக்குத் தனி அறை.
சந்தோஷப்பட வேண்டிய கணக்குதான்.
கேஸ் பில்லை எடுத்தேன், திருத்தவில்லை.
இரண்டரை மணி நேரப் படகு, அவ்வளவுதான்.
மேகம் விலகினால் மாடிப்படியிலிருந்தே
ஜலசந்திக்கு அக்கரை தெரியும்.
மேகம் விலகுவதைப் பற்றி
இந்த ஊரில் யாரும் பந்தயம் கட்டுவதில்லை.

இன்று பதினோரு மணிக்கு
நாற்காலி காலியாக இருந்தது.
நான் பின்கட்டில் அவன் ரப்பர் பூட்ஸைத் தேடினேன்.
கிடைத்தது, இரண்டு விரற்கடை சின்னதாக.
மிலென்காவுக்கு என்று ஒதுக்கிவிட்டு
எலியேசருடையதை எடுத்தேன்,
நுனியில் செய்தித்தாள் திணித்தால் நடக்கலாம்.
சின்ன பூட்ஸுக்குள் போன கோடையின் மணல்,
ஒரு சிப்பி, விழுந்த பட்டன்.
கையை விட்டுத் தட்டிக்கொண்டே
இவோ, இதைக் கொஞ்சம் பிடி என்று
கூப்பிட்டிருக்கிறேன்.
பதில் வராததால்தான் தெரிந்தது.

பிறகு மாவு மூட்டையை
எலிக்கு எட்டாத பலகையில் ஏற்றினேன்.
மூன்று பேருக்கு வாங்கியது.
கனமாகத்தான் இருந்தது.